மறைந்திருந்து படம் இறக்குவதும் காப்புரிமைச் சட்டமும்
(ஆட்டையாம்பட்டிக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சாமியைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்று சற்று ஏமாற்றமாயிருக்கலாம். எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் வேறு. இந்த ஆட்டையாம்பட்டியிலிருந்தும், ராசிபுரம், வெண்ணந்தூர் பக்கங்களிலிருந்தும் மேல்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போக நினைக்கும் வாலிபர்கள் கேட்கிற கேள்வி அது. "அந்தத் தேசத்தில் டாரண்ட் மூலம் சினிமாப் படம் இறக்கினால் வக்கீல் நோட்டீஸ் வருமாமே, வி.பி.என். என்பதைப் போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாதாமே, மெய்தானா?" என்கிறார்கள். மெய் என்றோ பொய் என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால், நானும் ஒரு குறிசொல்லியாகிவிடுவேன். ஆகவே காரியம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லுகிறேன். முடிவு செய்வது உங்கள் புத்தியின் வேலை.

டாரண்ட் என்பது ஒரு கடை அல்ல. ஒரு படத்தை ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கி, ஒரு துண்டை வாங்கினவர் அதை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே தமக்கு வேண்டிய மற்றத் துண்டுகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. உங்கள் ஊர்க் கை முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தின்றுவிட்டால் உங்களுக்கு இல்லை. படத்தின் நகலோ நான் எடுத்துக்கொண்டாலும் உங்களிடம் குறைவதில்லை. இதனால்தான் இந்த ஏற்பாடு இவ்வளவு வேகமாகப் பரவிற்று. ஆனால் கவனியுங்கள்! வாங்குகிறவர் ஒவ்வொருவரும் அதே நிமிஷத்தில் கொடுக்கிறவராகவும் ஆகிவிடுகிறார். "நான் பார்க்கத்தானே இறக்கினேன், விற்கவில்லையே" என்று நம் பையன் சொல்லுகிறான். சட்டமோ, "நீ ஊருக்கெல்லாம் விநியோகித்தாயே" என்கிறது.

அன்றியும், கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டுமானால் ஒருவர் வீட்டுக் கதவிலக்கம் மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதுதான் ஐ.பி. முகவரி. படத்துக்கு உரிமையுடையவர்கள் அமர்த்திய ஆட்கள் அதே வரிசையில் வந்து நின்று, எந்த இலக்கம், எந்தப் படம், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுகிறார்கள். ஜெர்மனியில் அந்தக் குறிப்பைக் கோர்ட்டில் காட்டி உத்தரவு வாங்கி, இணைப்புக் கொடுத்த கம்பெனியிடம் பெயரும் விலாசமும் கேட்டுப் பெறுகிறார்கள். பிறகு வக்கீல் கடிதம் வருகிறது. பல நூறு யூரோ கொடு, இனிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போடு என்று. இதில் வக்கீல்கள் அடித்த கொள்ளை அத்தேசத்தாருக்கே பொறுக்காமல், சாதாரண ஜனங்களிடம் முதல் கடிதத்துக்குக் கேட்கக்கூடிய வக்கீல் கூலிக்கு 2013-இல் ஒரு வரம்பு கட்டினார்கள். கடிதம் மட்டும் நிற்கவில்லை.

நிற்க, வி.பி.என். விஷயத்துக்கு வருகிறேன். அது தாயத்தைப் போல வெறும் புரட்டு அல்ல. உண்மையிலேயே உங்கள் கதவிலக்கத்தை மறைத்துத் தன் கதவிலக்கத்தைக் காட்டுகிறது. பிறர் உளவு பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைப்பதும் குற்றமல்ல. ஆனால் நம் பிள்ளைகள் அதை நம்புகிற விதம் இருக்கிறதே, அது தாயத்தை நம்புகிற விதந்தான்! "நாங்கள் எதையும் குறித்து வைப்பதில்லை" என்று கம்பெனிக்காரன் சொல்லுகிறான். இதை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பூசாரி சொன்னதைச் சோதியாமல் நம்பக்கூடாது என்கிறவன், வியாபாரி சொன்னதை மட்டும் நம்பலாமா? நடுவில் இணைப்பு அறுந்தால் சொந்த இலக்கம் வெளியில் வந்துவிடலாம். இலவசமாகக் கொடுக்கிறவனோ உங்கள் விவரங்களை விற்றுப் பிழைக்கிறவனாக இருக்கலாம். நம் சர்க்காரும் 2022 ஏப்ரல் 28-இல், வி.பி.என். நடத்துகிறவர்கள் வாடிக்கைக்காரர்களின் பெயர், விலாசம் முதலியவைகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதற்குச் சம்மதியாத சில கம்பெனிகள் இந்தியாவிலிருந்த தங்கள் யந்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. எவன் போனான், எவன் இருந்துகொண்டு எழுதிவைக்கிறான் என்று பார்த்தவர் எத்தனை பேர்?

நம் நாட்டுச் சட்டம் மட்டும் இலேசானதா? 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவனுக்குக் கோர்ட்டார் காரணம் எழுதித் தண்டனையைக் குறைக்கலாம். இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நம் மாகாணத்துக் குண்டர் சட்டத்தில் 2004-இல் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் வரை ஒருவனை அடைத்து வைக்க அதில் வழி இருக்கிறது. கள்ள நகல் விற்றுப் பணம் பண்ணுகிறவனுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் குற்றவாளியானால் சாட்சி வைத்து நிரூபிப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் கேட்கிறேன்.

2012-இல் "3" என்ற படத்துக்காகச் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு தடை உத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டி, ஒரு பாவமும் அறியாத பல தளங்களையும் சேர்த்து முழுவதுமாக மூடிவிட்டார்கள். பிறகு கோர்ட்டாரே, குற்றமுள்ள பக்கத்தை மட்டுந்தான் மூடலாம், தளம் முழுவதையும் அல்ல என்று தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. ஒரு வீட்டில் திருடன் இருக்கிறான் என்று தெருவையே பூட்டின கதை!

சரி, இந்த உரிமை யாருக்காக? உழைத்தவனுக்காக என்றால் நான் இரண்டு கையையும் தூக்குவேன். முறுக்குச் சுற்றுகிற தாய்மாருக்கும், தறியில் உட்காருகிறவருக்கும் கூலி வேண்டுமானால், படத்துக்கு விளக்குத் தூக்குகிறவருக்கும் வேண்டாமா? படம் ஓடாவிட்டால் முதலில் பாக்கி நிற்பது அவர் கூலிதான். நடிகர் கூலி அல்ல. ஆனால் உழைத்தவன் பெயரைச் சொல்லி வேறொருவன் பெட்டியில் பூட்டிவைப்பதும் இதே உரிமையால்தான் நடக்கிறது. பாரதியாரை எடுத்துக்கொள்ளுவோம். அவர் கருத்துக்களில் நாம் ஒப்பாதவை பல உண்டு; அது இப்போது பேச்சல்ல. 1921-இல் அவர் இறந்தார். மனைவியார் செல்லம்மாள் புஸ்தகம் போட்டுக் கஷ்டப்பட்டார். புஸ்தக உரிமை பிறகு அவர் தம்பி விசுவநாதனிடம் போயிற்று. பாட்டைப் படத்தில் பாடும் உரிமையோ ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் "பில்ஹணன்" படத்தில் பாரதி பாட்டைப் பாடியதற்கு அவர் கோர்ட்டுக்குப் போனார். எழுதினவன் பசியோடு செத்தான்; பாடினவன் கோர்ட்டு வாசலில் நின்றான்! ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகுதான், ஓமந்தூரார் மந்திரிசபை 1949-இல் அந்த உரிமைகளைச் சர்க்காருக்கு வாங்கிற்று. பின்னர் அவை பொதுஜனங்களுக்கே விடப்பட்டன.

செத்துப்போன ஆசிரியனுக்கு உரிமை நீட்டுகிற வேடிக்கையும் உண்டு. தாகூர் இறந்து 50 ஆண்டு முடிந்த பின், 1992-இல் அந்தக் காலத்தை 60 ஆக்கினார்கள். தாகூர் எழுந்து வந்து இன்னும் ஒரு பாட்டு எழுதுவார் என்றா?

நம் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையல்ல. 1925 முதல் 1938 வரையிலான "குடி அரசு" எழுத்துக்களைப் பெரியார் திராவிடர் கழகத்தார் வெளியிட முயன்றபோது, பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தார் தடை கேட்டு வழக்குப் போட்டார்கள். 2009-இல் நீதிபதி சந்துரு தடை கொடுக்க மறுத்தார். 2010-இல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. யார் பக்கம் நின்றவர்களாயினும், அதனால் இன்று அந்த எழுத்துக்களைப் படிக்கிறோமா இல்லையா?

ஆகவே வாலிபர்களே, பூட்டு இல்லாத பண்டம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005-இல் ஈழத்தார் தொடங்கிய நூலகம், நம் சர்க்காரின் தமிழ் மின்னூலகம், நாட்டுடைமையான நூல்கள் யாவும் ஜெர்மனியிலிருந்தும் கிடைக்கும். அவைகளை இறக்கினால் ஒரு கடிதமும் வராது. டாரண்ட் என்ற முறையும் குற்றமல்ல; பொதுவில் விட்ட பண்டத்தை அதில் எத்தனை தரம் வேண்டுமானாலும் அனுப்பலாம். சினிமாவில்தான் நம் நிலைமை மோசம். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் புகழோடிருந்த நாளில், 1930-களில் வந்த தமிழ்ப் பேசும் படங்களில் பெரும்பாலானவை இன்று பார்க்கவே கிடையாது. நகல் எடுத்து வைத்தவன் இல்லாததால் போயின. உரிமைக்காரன் காப்பாற்றவில்லை.

கடைசியாக, கேட்ட பிள்ளைக்கு நேர்ப் பதில். ஜெர்மனியில் இப்போது வெளியாகும் படத்தை டாரண்டில் இறக்காதே; வாடகைக்குப் பிடித்த வீட்டில் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், கடிதம் முதலில் அவருக்குத்தான் போகும், பிறகு உனக்கு வீடு போகும். அப்படியும் கடிதம் வந்துவிட்டால் கிழித்துப் போடாதே, அதில் தேதி குறித்திருக்கும். பயந்துகொண்டு அவர்கள் அனுப்பிய தாளில் அப்படியே கையெழுத்தும் போடாதே. அது ஆயுள் முழுவதும் உன்னைக் கட்டக்கூடும். அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் நுகர்வோர் ஆலோசனை நிலையம் இருக்கிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போ.