கடல் தேர்ந்து கொடுத்த ஊர்



தொழிலையும் உறவையும் நோக்கியே மாந்தர் வாழிடம் தேர்வர். ஆங்கில அறிவியற்கதை ஆசிரியர் ஆர்தர் சி. கிளார்க் நோக்கியதோ கடலின் அடியை! மூச்சுக்கருவி பூண்டு நீருள் மூழ்கும் வேட்கையே 1956இல் அவரை இலங்கையிற் குடியேற்றியது. அவ்வாண்டே அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேச்சரத்தின் கற்றூண்களைக் கண்டனர். கரையில் நின்று தொழுதோர்க்குக் கிட்டாத காட்சி, கடலை விரும்பி வந்த அயலவர்க்குக் கிட்டியது.

முதுமையில் கால்கள் தளர்ந்து சக்கர நாற்காலியே துணையானது. எனினும் தாயகம் திரும்பி வாழ அவர் எண்ணவில்லை. 2008இல் கொழும்பிலேயே மறைந்தார். பிழைக்க வந்தவர்க்கு ஊர் தங்குமிடம். விரும்பி வந்தவர்க்கோ அதுவே வீடு. நம் கடலடியை நாமும் அங்ஙனம் விரும்பிக் காப்போமாக.