ஒரு மாதமும் ஒரு கடிதமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவது வழக்கம். அதை மூத்த அக்காமார் அழகாகச் செய்துவிட்டார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைப் பேசும்படி செயற்குழு எங்களைக் கேட்டது. ஆசிரியைகளாகவும் அரச அலுவலர்களாகவும் இருக்கும் நாங்கள் சிலர் கூடி, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2019ஆம் ஆண்டுப் பணியைத் தெரிவுசெய்தோம்.

முதலில், இந்த ஆணைக்குழு என்ன? 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஐந்து உறுப்பினர்களைக் கொண்டது. நமது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அரச அலுவலகமோ, பிரதேச சபையோ, பொலிஸோ, அரச பாடசாலையோ இதை மீறினால் ஆணைக்குழு விசாரிக்கலாம். தனியார் கடைக்காரர் ஒருவர் நம்மை அவமதித்தால் அது பொதுவாக அதன் எல்லைக்குள் வராது.

2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்தது. தேவாலயத்தில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் மாண்டார்கள். நம் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் துயரத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஏப்ரல் 29இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடும் ஆடை தடைசெய்யப்பட்டது. தடை முகத்திரைக்கு மட்டுமே. ஆனால் முகம் தெரிய முக்காடிட்டும் அபாயா அணிந்தும் வந்த பெண்கள்கூடப் பொது இடங்களில் தடுக்கப்பட்டார்கள். முறைப்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போயின.

மே 13இல் வன்முறை நம் மாவட்டத்துக்கும் வந்தது. நாத்தாண்டியவுக்கு அருகே கொட்டாரமுல்லையில், தச்சுப் பட்டறை வைத்திருந்த ஒரு குடும்பத் தலைவர் கொல்லப்பட்டார். வடமேல் மாகாணத்தில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மக்களைக் காக்கவேண்டிய பொலிஸாரின் பொறுப்பைச் சுட்டிக்காட்டி ஆணைக்குழு பதில் பொலிஸ்மா அதிபருக்கு எழுதியது.

மே மாத இறுதியில் பொது நிருவாக அமைச்சு 13/2019 என்ற சுற்றுநிருபத்தை வெளியிட்டது. அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரி அணிய வேண்டும் என்றது அது. பல ஆண்டுகளாக அபாயாவோடு கடமைக்குச் சென்ற நம் தோழியர் ஒரே நாளில் கலங்கிப்போனார்கள். ஆணைக்குழு அமைச்சின் செயலாளருக்கு ஆட்சேபம் தெரிவித்து எழுதியது. பின்னர் சுற்றுநிருபம் திருத்தப்பட்டது.

ஜூனில் வென்னப்புவ பிரதேச சபைத் தவிசாளர், தங்கொட்டுவ வாராந்தச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடுவதைத் தடுக்கும் கடிதம் ஒன்றை எழுதினார். சந்தையில் ஒரு நாள் கடை போடாவிட்டால் அந்த வாரம் வீட்டில் அடுப்பு எரியாது. ஊர்க்கோபம் என்பது வேறு. அரச முத்திரையோடு வரும் கடிதம் வேறு. விடயம் மாரவில நீதவான் நீதிமன்றம் வரை போனது, தடை நிற்கவில்லை.

ஆணைக்குழுவால் முடியாததையும் சொல்லவேண்டும். அது விதந்துரைக்கலாம், தீர்ப்பு வழங்க முடியாது. விதந்துரையை ஏற்காவிட்டால் சனாதிபதிக்கு அறிக்கையிடலாம். அது பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். திருகோணமலையில் அபாயா அணிந்ததற்காகத் தடுக்கப்பட்ட ஆசிரியைகளுக்குச் சார்பாக 2019இன் ஆரம்பத்தில் ஆணைக்குழு விதந்துரைத்தது. ஆயினும் அவர்களில் ஒருவர் 2022 பெப்ரவரியில் கடமைக்குத் திரும்பியபோது மறுபடியும் எதிர்ப்பு எழுந்தது; நீதிமன்றத்தை நாடவேண்டி வந்தது. அதற்காக விதந்துரை வீண் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அந்தத் தாள் கையில் இருந்ததால் அவர் வெறுங்கையோடு போகவில்லை.

இப்போது உங்களிடம் கேட்கவந்த விடயம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை நடந்ததற்குச் சான்று வேண்டும். நம் பெண்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஒரு மாதத்தைத்தான். 'பொறுத்துப் பார்ப்போம்' என்று வீட்டில் சொல்வார்கள். நாற்பது நாள் போய்விடும்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பாதிக்கப்பட்டவருக்காக இன்னொருவரும் கொடுக்கலாம். திகதி, இடம், அலுவலகம், பதவி, சொல்லப்பட்ட வார்த்தை, அருகில் நின்றவர்கள் ஆகியவற்றை அன்று இரவே எழுதிவைக்கவேண்டும். அவசரத்துக்கு 1996 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

இன்னொன்றையும் நமக்குள் பேசவேண்டும். 12(2)இல் 'பிறந்த இடம்' என்ற சொல் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் நம் மாவட்டத்தில்தான் இறங்கினார்கள். நாம் சோறு கொடுத்தோம், காணி கொடுத்தோம். வகுப்பறையில் பக்கத்தில் இடமும் கொடுத்தோம். ஆனாலும் 'அகதி' என்ற சொல் இந்த ஊர்க் கிணற்றடியில் எத்தனை ஆண்டுகள் கேட்டது! இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் அது விடவில்லை. பாரபட்சம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை.

எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நூற்றாண்டு நினைவாகக் கட்டடத்தோடு ஒரு மேசையும் வையுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சட்டம் படித்த ஒரு பழைய மாணவியும் எழுதத் தெரிந்த இரண்டு பேரும் அங்கே இருக்கட்டும். முஸ்லிமோ இந்துவோ கத்தோலிக்கரோ, தமிழ் பேசுபவரோ சிங்களம் பேசுபவரோ, யார் வந்தாலும் கடிதம் எழுதிக் கொடுப்போம். வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் தபாற்செலவையும் பயணச்செலவையும் ஏற்றால் போதும்.

கடிதம் எழுத இந்தப் பாடசாலையில்தான் கற்றோம். விலாசம் வலப்பக்கம், திகதி அதன் கீழே, பொருள் ஒரு வரியில் என்று அடித்துத் திருத்திக் கற்பித்த ஆசிரியைகள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. முதல் சனிக்கிழமைக்கு எங்கள் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.