பழைய சொகுசு மகிழுந்தும் அதன் நேர்விலையும்



புதிதாக வாங்கியபோது 60 இலட்சம் ரூபாய் விலைபெற்ற மகிழுந்து ஒன்று, ஆறாண்டு கழிந்தபின் 18 இலட்சத்துக்குக் கிடைப்பதாக விளம்பரம் வருகிறது எனக் கொள்வோம். வண்ணம் மங்கவில்லை, இருக்கையில் கிழிசல் இல்லை, கதவைச் சாத்தினால் எழும் ஓசையிலேயே அதன் தரம் தெரிகிறது. அதே தொகைக்குப் புதிதாக வாங்கப் புகுந்தால் நடுத்தர வண்டி ஒன்றே கைக்கு எட்டும். மகனுக்குத் திருமணம் நிச்சயமான வீட்டில், அல்லது பணி ஓய்வுபெற்றுச் சேமநிதித் தொகை வந்துசேர்ந்த வீட்டில், இவ்விளம்பரம் இரவு உணவுக்குப் பிறகான பேச்சாகிறது. இரண்டு வாரத்துக்குள் முன்பணமும் கைமாறிவிடுகிறது. அரை ஏக்கர் நிலம் வாங்குவதற்கு முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் குடும்பம், அந்நிலத்தின் விலைக்கு நிகரான வண்டியை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்கிறது.

விலை ஏன் இவ்வளவு இறங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இத்தகைய வண்டிகளுள் பலவற்றை முதலில் வாங்குவோர் நிறுவனங்களும் பெருவணிகரும் ஆவர். வருமான வரிக் கணக்கில் ஆண்டுதோறும் 15 விழுக்காடு தேய்மானம் கழித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தரும் இரண்டு மூன்றாண்டு உத்தரவாதம் முடிந்த சிறிது காலத்திலேயே அவர்கள் அடுத்த வண்டிக்கு மாறிவிடுகின்றனர். உத்தரவாதம் உள்ளவரை பழுதின் செலவு தயாரிப்பாளரைச் சாரும். முடிந்த மறுநாள் முதல் அது உரிமையாளரின் தலையில் விழும். இங்கேதான் கணக்கு பிசகுகிறது. வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. 18 இலட்சத்துக்கு வாங்கியவர் சுமப்பது 60 இலட்ச வண்டியின் பராமரிப்புச் செலவையே. காற்றழுத்தத்தில் இயங்கும் சஸ்பென்ஷன், தானியங்கி கியர் பெட்டி, மின்னணு முகவிளக்கு ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று கெட்டாலும், சிறிய வண்டி ஒன்றை ஆண்டு முழுதும் ஓட்டும் செலவு ஒரே இரசீதில் வந்து நிற்கும். காற்றிறங்கினாலும் சிறிது தொலைவு ஓடக்கூடிய டயர்கள் பொருத்திய வண்டிகள் சிலவற்றில் மாற்றுச் சக்கரமே இராது. அந்த டயர்களின் விலையும் மிகுதி.

இறக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டில் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நாட்டுப் பேச்சு வழக்கில் பழுதுள்ள வண்டிக்கு எலுமிச்சை என்று பெயர். கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல்லே இடம்பெற்றது. வண்டியின் நிறைகுறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் அச்சத்தோடு ஒரு நடுத்தர விலையையே சொல்வார். அவ்விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மனமின்றி விலகிக்கொள்வார். குறையுள்ள வண்டி வைத்திருப்பவர் மகிழ்ந்து முன்வருவார். இப்படியே நல்லவை விலக, சந்தையில் குறையுள்ளவை மிஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த பின்னரே வெளிவந்த இக்கட்டுரை, 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமாயிற்று. நேர்விலை என்பது பேரம் பேசும் திறத்தால் மட்டும் வருவதன்று. விற்பவர் அறிந்ததை வாங்குபவரும் அறிந்துகொள்ளும் அளவுக்கே அது நேர்விலையாகும்.

அவ்விலையைக் கணிக்கத் தொடங்கும் இடத்திலேயே பலர் தவறுகின்றனர். விற்பவர் தாம் அன்று சாலைக்குக் கொண்டுவரக் கொடுத்த மொத்தத் தொகையைச் சொல்லுவார். அதில் காட்சியக விலையோடு வாழ்நாள் வரியும், முதலாண்டுக் காப்பீடும், கைப்பிடி முதல் மிதியடி வரையிலான அலங்காரங்களும் அடங்கும். கணக்குக்கு அடிப்படையாகத் தகுவது அதே வகை வண்டியின் இன்றைய காட்சியக விலையே. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்கான சரக்கு சேவை வரி, இழப்பீட்டுத் தீர்வையோடு சேர்த்து 50 விழுக்காடு வரை இருந்த நிலை மாறி, 40 விழுக்காடாயிற்று. புதியதன் விலை இறங்கும்போது பழையதன் விலையும் உடனிறங்க வேண்டும். அதற்கு முன் வாங்கியவர், தாம் செலுத்திய வரியை அடுத்தவரிடமிருந்து மீட்க எண்ணுவது மனித இயல்பு எனினும், அதைக் கொடுக்கும் கடமை வாங்குபவருக்கு இல்லை.

அடுத்துத் தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் அட்டவணையின்படி, மூன்றாண்டு நிறைவதற்குள் 30 விழுக்காடும், நான்காண்டுக்குள் 40 விழுக்காடும், ஐந்தாண்டுக்குள் 50 விழுக்காடும் கழிக்கப்படும். அதற்கு மேல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட மதிப்பே. சொகுசு வண்டிகளுக்குச் சந்தை விலை இதனினும் தாழ்ந்தே நிற்பது வழக்கமாதலால், இவ்வட்டவணையை மேல்வரம்பாகக் கொள்வது தகும். அதிலிருந்து உடனடியாகச் செய்தே தீரவேண்டிய செலவுகளை ஒவ்வொன்றாகக் கழிக்கலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 3219 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஆறாண்டு டயர் நான்கையும் மாற்றும் செலவு வாங்குபவருடையது என்றால், அத்தொகை விலையிலிருந்து கழியவேண்டும் என்று கேட்பதில் நாணத்துக்கு இடமில்லை. பிரேக் தகடு, மின்கலம், அடுத்த பெரிய சர்வீஸ் ஆகியவையும் அவ்வாறே.

வரியைக் காட்டி விலையை உயர்த்தும் வழக்கமும் தோன்றியுள்ளது. பதிவுபெற்ற வணிகர் பழைய காரை விற்கும்போது 18 விழுக்காடு வரி உண்டு. ஆயின் அது அவருடைய ஆதாயத்தின் மீது மட்டுமே. 20 இலட்சத்துக்கு வாங்கி 22 இலட்சத்துக்கு விற்பவர், இடைப்பட்ட 2 இலட்சத்துக்கே, அதாவது 36,000 ரூபாய், வரி செலுத்துவார். தனியொருவர் தம் சொந்த வண்டியை இன்னொருவருக்கு விற்பதில் இவ்வரியே இல்லை. முழு விலைக்கும் 18 விழுக்காடு சேர்த்துக் கேட்பவரிடம் இதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

இனி, மீட்டர். ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணைப் பின்னோக்கித் திருப்புவது இன்று திருப்புளி கொண்டு செய்யும் வேலையன்று. ஒரு சிறு கருவியை இணைத்துச் சில நிமிடங்களில் செய்துவிடுகின்றனர். இல்லறத்தார்க்குரிய கள்ளாமை விரதத்தின் மாசுகளுள் பொய்யளவைகளைக் கையாளுதலையும் சமண நூல்கள் எண்ணியிருக்கின்றன. படியும் மரக்காலும் மறைந்துவரும் காலத்தில், அவ்விதி அப்படியே பொருந்துவது இம்மீட்டருக்குத்தான். இதனைக் கண்டறியும் வழி உண்டு. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம் ஒவ்வொரு முறையும் ஓடிய தொலைவைக் கணினியில் பதிந்து வைத்திருக்கும். உரிமையாளர் உடன்வந்து கேட்டால் அவ்வரலாற்றைப் பெறலாம். மூன்றாமாண்டில் 62,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருக்க, ஆறாமாண்டில் மீட்டர் 48,000 காட்டினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. வெளியூர் செல்ல நேரமில்லை, சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டது என்ற மறுமொழிகள் வருமிடத்தில், விலை எவ்வளவு குறைவாயினும் விலகுதல் நலம். ஸ்டியரிங்கின் தேய்வும், பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பும் கண்ணுக்குத் தெரியும் சான்றுகள். மீட்டரைத் திருப்புவோர் பலர் இவற்றை மறந்துவிடுகின்றனர்.

வெள்ளத்தில் நனைந்த வண்டி இதனினும் கொடிது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அடுக்ககங்களின் கீழ்த்தளங்களில் நின்ற வண்டிகள் நீரில் ஆழ்ந்தன. இவ்வாறு மூழ்கி முழு இழப்பெனத் தீர்வு செய்யப்பட்டவை ஏலத்தில் போய், துடைத்து மெருகேற்றப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவது உண்டு. சொகுசு வண்டியின் மின்னணுப் பெட்டிகளும் கம்பிப் பிணைப்புகளும் இருக்கைக்கு அடியிலும் தரை விரிப்புக்குக் கீழும் ஓடுவதால், ஈரம் பட்ட இடத்தில் துரு மெல்ல ஏறி, ஓராண்டு கழித்து ஒவ்வொன்றாகப் பழுது காட்டும். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். மாற்றுச் சக்கரம் கிடக்கும் குழியையும், விரிப்புக்கடியில் உள்ள திருகாணிகளின் துருவையும் பார்த்தல் வேண்டும். வாசனைத் தைலம் மிகுதியாகத் தெளித்த வண்டியை ஐயத்தோடு அணுகுதல் தகும். காப்பீட்டு நிறுவனத்திடம் பழைய இழப்பீட்டுக் கோரிக்கைகளின் விவரத்தை உரிமையாளர் வாயிலாகப் பெறுவது எல்லாவற்றினும் உறுதியான வழி.

தில்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் வண்டிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அண்மையில் அதன் கடுமை தளர்த்தப்பட்டாலும், அச்சத்தால் விலை சரிந்த வண்டிகள் தெற்கே வந்தவண்ணம் உள்ளன. அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெறவேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியை இங்கும் செலுத்தவேண்டும். விலை மலிவு என்று ஓட்டிவந்தவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாயிலில் நின்றுதான் முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கிறார்.

சமணக் குடும்பங்கள் கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்று தனியே உண்டு. சொகுசு வண்டிகளின் இருக்கை உறை பல வேளைகளில் விலங்குத் தோலால் ஆனது. பார்வையில் வேறுபாடே தெரியாத செயற்கை உறைகளும் உள்ளன. மெர்சிடிஸ் நிறுவனம் அதனை ஆர்ட்டிகோ என்றும், பி.எம்.டபிள்யூ. சென்சாடெக் என்றும் பெயரிட்டு வழங்கியுள்ளன. பழைய வண்டியை விற்பவர் பெருமைக்காக எல்லாவற்றையும் அசல் தோல் என்றே சொல்வது வழக்கம். அவர் சொல் இங்கே நம்பத்தக்கதன்று. வண்டியின் அடையாள எண்ணாகிய பதினேழு எழுத்துகளைக் கொடுத்தால், ஆலையிலிருந்து எவ்வகை உறையோடு வந்தது என்பதை நிறுவன விற்பனையகத்தில் கேட்டறியலாம். இருக்கை செயற்கையாயினும் ஸ்டியரிங் உறை தோலாக இருத்தல் கூடும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

விலை ஒத்துவந்தபின், அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ, நம்பிக்கையான மெக்கானிக்கிடமோ வண்டியைத் தூக்கி நிறுத்திச் சோதிக்கச் சில ஆயிரங்கள் செலவாகும். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் முதன்முறை இயக்கிப் பார்ப்பது நன்று. விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேட்கலாம். தயாரிப்பு நிறுவனங்களே சோதித்து உத்தரவாதத்தோடு விற்கும் பழைய வண்டிகளும் உள்ளன. விலை சற்றுக் கூடும். மெக்கானிக் அறிமுகம் இல்லாதோருக்கு அக்கூடுதல் தொகை வீணன்று.

இறுதியாக ஆவணம். இதில் தீங்கு பெரும்பாலும் விற்பவருக்கே வருகிறது. ஒரு வண்டி பல கைமாறியும் பதிவுப் புத்தகத்தில் முதல் உரிமையாளர் பெயரே நீடித்திருக்க, விபத்து நேர்ந்த வழக்கொன்றில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. விற்றுப் பணம் பெற்று ஆண்டுகள் கழிந்த ஒருவர், தாம் கண்ணாலும் காணாத விபத்துக்குப் பொறுப்பேற்க நேரும். ஆகவே 29, 30ஆம் எண் படிவங்களில் வெற்றிடத்தில் கையொப்பமிட்டுத் தரகரிடம் கொடுத்துவிடுதல் ஒருபோதும் கூடாது. ஒரே மாநிலத்துக்குள்ளான விற்பனையைப் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிப்பது விற்பவரின் சட்டக் கடமை. வங்கிக் கடன் இருந்த வண்டியாயின், கடன் தீர்ந்த சான்றும் 35ஆம் எண் படிவமும் கையில் வந்தபின்னரே முழுத்தொகை செலுத்துதல் முறை. அதுவும் வங்கி வழியாக. நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களை அரசின் பரிவாகன் தளத்தில் பார்க்கலாம்.

காப்பீட்டையும் பதினான்கு நாளுக்குள் புதியவர் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். கோரிக்கையில்லாச் சலுகை மனிதரைச் சார்ந்தது, வண்டியைச் சார்ந்ததன்று. 50 விழுக்காடு வரை சேர்ந்திருந்தாலும், அது விற்பவரோடு போய்விடும். அச்சலுகையையும் சேர்த்து விலை பேசியிருந்தால் வாங்குபவருக்கு அது நட்டமே. விற்பவர் தம் ஃபாஸ்டேக் கணக்கை அன்றே முடித்துக்கொள்ளவும், வாங்குபவர் இரண்டாவது சாவியை மறவாது கேட்டுப் பெறவும் வேண்டும்; சொகுசு வண்டியின் மாற்றுச் சாவிக்கு ஆகும் செலவு சிறிதன்று.