பேரீச்சந் தோட்டத்துப் பெண்மணி



ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களுடைய தாயாரின் சகோதரி தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தார்கள். தமது பேரீச்சங் குலைகளை அறுக்கப் புறப்பட்டபோது ஒருவர் கண்டித்துத் தடுத்தார். அப்பெண்மணி நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்றார்கள். அண்ணலாரோ, சென்று அறுக்குமாறும், அதிலிருந்து அவர் தர்மமோ வேறு நன்மையோ செய்யக்கூடுமென்றும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. தோட்டமும் அறுவடையும் அவருடையவை. அவற்றுக்காகப் பேசியவரும் அவரே என்பதைக் கவனியுங்கள்.

இனி நமது உலர்வலயக் கிராமங்களைப் பாருங்கள். புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் நம் தாய்மாரும் சகோதரிகளும் களை பிடுங்குகிறார்கள். மிளகாய்க் கன்றுக்குக் கிணற்றுநீர் சுமக்கிறார்கள். 2016, 2017 ஆம் ஆண்டுகளின் கடும் வரட்சியில் குளங்கள் வற்றியபோது, தண்ணீர் பவுசருக்காகக் குடங்களோடு காத்திருந்தவர்களும் அவர்களே. ஆனால், குளத்தை எப்போது திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் அவர்கள் எங்கே? காணி கணவரின் பெயரில். ஆகவே கமக்காரர் அமைப்பிலும் அவர் பெயரே. (வாப்பா மௌத்தான பின் பெண்பிள்ளைக்குரிய பங்கை, “தம்பி பார்த்துக்கொள்வான்” என்று விட்டுவிடுகிறோமே, அது வேறு கதை. இல்லை, அதே கதைதான்.)

மழை முன்போல நாள் தவறாது வருவதில்லை. கிணறு எந்த மாதத்தில் எத்தனை முழம் இறங்கும் என்பது கயிறு பிடித்த கைக்குத் தெரியும். தென்னையடியில் தேங்காய் மட்டை புதைத்து ஈரம் காப்பதும், கத்தரிப் பாத்திக்கு வைக்கோல் பரப்புவதும் அந்தக் கைதான். நீர் குறைந்த போகத்தில் முழு வயலையும் நெல்லுக்கே விடுவதா, ஒரு பகுதியில் பயறோ உளுந்தோ போடுவதா என்ற பேச்சில் அவ்வறிவு சேராவிட்டால் நஷ்டம் ஊருக்கே.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் நீரில் வுழூச் செய்ததாக அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். அது ஏறத்தாழ முக்கால் லீற்றர். பள்ளிவாசல் குழாயடியில் நம் இளைஞர் முகம் கழுவுமுன்பே அவ்வளவும் ஓடிவிடுகிறது! நீரைச் சுமக்காதவனுக்கு அதன் பாரம் தெரிவதில்லை போலும்.

தந்தையரே, பெரும்போகக் கூட்டத்துக்கு அறிவித்தல் வந்ததும் மனைவியையும் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்குத் தனியே இருக்கை ஒதுக்குவது சிரமமன்று. தம்பிமாரே, உங்கள் உம்மாவின் பெயரைப் பதியக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். காணி உறுதியில் அவருக்குரிய பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.