நகைப்புக்குரிய ஒரு தலைவர்



தலைமைப் பண்பைப் பற்றிப் பேசுவோர் பேரரசர்களையும் படைத்தலைவர்களையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். அன்னாருடைய வரலாறு படிக்கத்தக்கதே. ஆயினும், கல்லூரி விடுதியின் உணவுக்குழுவுக்கோ பள்ளியின் கைப்பந்துக் குழுவுக்கோ தலைமை ஏற்கவிருக்கும் ஒருவர் நெப்போலியனிடமிருந்து கொள்ளத்தக்கது எவ்வளவு என்பதில் எனக்குச் சிறிது ஐயம் உண்டு. ஆகவே, எந்தப் போரிலும் வெல்லாத, உண்மையில் வாழ்ந்தே இராத ஒரு தலைவரைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டேன். அவர் நகைப்புக்குரியவர். நம்மைச் சிரிக்க வைப்பதற்கென்றே படைக்கப்பட்டவர்.

அவர் பெயர் கேப்டன் மானரிங். ஆங்கிலத்தில் 'மெயின்வேரிங்' என்று எழுதிவிட்டு 'மானரிங்' என்று ஒலிக்க வேண்டும். ஆங்கிலேயரின் பெயர்களில் இத்தகைய விந்தைகள் பல. பி.பி.சி. நிறுவனத்தார் 1968 முதல் 1977 வரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பிய 'டாட்ஸ் ஆர்மி' என்னும் நகைச்சுவைத் தொடரின் நாயகர் அவர். அத்தலைப்பை 'அப்பாவின் பட்டாளம்' எனத் தமிழில் சொல்லலாம். ஜிம்மி பெர்ரி, டேவிட் கிராஃப்ட் என்னும் இருவர் எழுதிய தொடர் அது. மானரிங்காக நடித்தவர் ஆர்தர் லோ.

கதையின் பின்னணி முற்றிலும் உண்மையானது. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியப் படை மேற்கு ஐரோப்பாவைச் சூறையாடிக் கொண்டிருந்தது. அடுத்தது இங்கிலாந்துதான் என்ற அச்சம் பரவியது. மே 14ஆம் நாள் இரவு போர்த்துறை அமைச்சர் ஆந்தனி ஈடன் வானொலியில் பேசினார். 17 வயதிலிருந்து 65 வயதுவரை உள்ள ஆடவர், தத்தம் ஊரைக் காக்க முன்வருமாறு வேண்டினார். சில நாட்களுக்குள் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தனர். அவர்களுக்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை; சீருடை இல்லை; கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை மட்டும் இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் அப்படைக்கு 'ஹோம் கார்டு' எனப் பெயர் மாற்றம் செய்தனர். நாம் ஊர்க்காவற்படை என்று சொல்லலாம். ஆசிரியர்களுள் ஒருவராகிய பெர்ரி தம் இளம்பருவத்தில் அப்படையில் இருந்தவர். கேலி செய்யும் உரிமை அவருக்கு உண்டு.

வால்மிங்டன் என்னும் கற்பனைக் கடற்கரை ஊரின் வங்கி மேலாளர் மானரிங். குள்ளமான, பருத்த உருவம், மூக்குக்கண்ணாடி, தம்மைப் பற்றி மிக உயர்ந்த எண்ணம். அமைச்சரின் அழைப்பைக் கேட்டதும் ஊரின் படைக்குத் தாமே தலைவர் என்று முடிவு செய்துகொள்கிறார். யாரும் அவரை நியமிக்கவில்லை. தம் அலுவலகத் தலைமை எழுத்தராகிய வில்சனைச் சார்ஜெண்டாக ஆக்கிவிடுகிறார்.

இதைக் கண்டு சிரிக்கிறோம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். பகைவன் கடலுக்கு அப்பால் நிற்கிறான். கூடியிருப்போரோ இறைச்சிக் கடைக்காரர், பிணப்பெட்டி செய்பவர், ஓய்வுபெற்ற முதியவர், பிள்ளைப்பருவம் நீங்காத ஓர் எழுத்தர். யாரேனும் ஒருவர் 'வரிசையில் நில்லுங்கள்' என்று சொல்லியாக வேண்டும். சொன்னவர் மானரிங். பின்னொரு கதையில் அவருக்கு முறைப்படி அதிகாரியாணை எதுவும் இல்லை என்று மேலிடம் கண்டுபிடித்து, அவரைச் சாதாரணப் படைவீரராக இறக்கிவிடுகிறது. வில்சன் தலைமை ஏற்கிறார். மானரிங் வீட்டுக்குப் போய்விடவில்லை. கடைநிலை வீரராகத் தாமும் வரிசையில் வந்து நிற்கிறார். அவருடைய தற்பெருமைக்கு அடியில் பதவியைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது என்பதை நாம் அங்கேதான் அறிகிறோம்.

அவருடைய பெருங்குறை, பிறர் சொல் கேளாமை. மானரிங் எளிய நிலையிலிருந்து உழைத்து உயர்ந்தவர். வில்சனோ உயர்குடிப் பிறப்பினர். பேர்பெற்ற பள்ளியில் பயின்றவர். எதையும் மென்மையாகச் சொல்பவர். மானரிங் ஏதேனும் ஒரு விபரீதத் திட்டத்தை அறிவிக்கும்போதெல்லாம், இது அறிவுடைமைதானா ஐயா என்னும் பொருள்படத் தாழ்ந்த குரலில் வினவுவார். பெரும்பாலும் வில்சனின் ஐயமே சரியாக முடியும். எனினும் மானரிங்கின் செவியில் அக்கேள்வி விழுவதில்லை. கேட்பவரின் பிறப்புத்தான் விழுகிறது. தன்னைவிட உயர்ந்தவன் தன்னை எடைபோடுகிறான் என்ற உறுத்தல் அவருக்கு. தாழ்வுணர்ச்சி உடைய தலைவரிடம் நல்ல ஆலோசனை சென்று சேர்வது எத்துணை அரிது!

1973இல் வந்த ஒரு கதையில், சிறைப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தலைவன், தன்னை அவமதிப்போரின் பெயர்களைக் குறித்துக்கொள்கிறான். இளைஞன் பைக்கின் பெயரை அவன் கேட்கிறான். பெயரைச் சொல்லாதே என்று மானரிங் கட்டளையிடுகிறார், பைக்கைப் பெயர் சொல்லி அழைத்தே! இங்கிலாந்தில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கின்றனர்.

இத்தகையவரை அவருடைய ஆட்கள் ஏன் விட்டு விலகவில்லை? 1969ஆம் ஆண்டில் வந்த ஒரு கதை விடை தருகிறது. அப்போரின் தொடக்க ஆண்டுகளில், பகைவர் இறங்கினால் மட்டுமே மாதாகோயில் மணியை அடிக்கலாம் என்பது ஆணை. ஒருநாள் மணி ஒலிக்கிறது. படையினர் பலர் அருகில் இல்லை. மானரிங் எஞ்சிய ஓரிருவரோடு, முதியவர் காட்ஃப்ரியின் குடிலுக்குச் சென்று, அதைக் காத்து நிற்கத் துணிகிறார். பகைவரைச் சிறிது நேரம் தாமதப்படுத்தலாம். உயிர் மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும். செய்தி பொய் என்பது பின்னர்த்தான் தெரிகிறது. பிறரைச் சாகச் சொன்ன இடத்தில் தாமும் நின்றார் என்பதை ஆட்கள் மறப்பதில்லை.

அதே காட்ஃப்ரியைப் பற்றிய மற்றொரு கதையும் அவ்வாண்டிலேயே வந்தது. தலைமை ஏற்க விரும்புவோர் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது அது. காட்ஃப்ரி மென்மையே உருவான கிழவர். தம் சகோதரியரோடு வாழ்பவர். ஒருநாள் படையிலிருந்து விலக விரும்புவதாகச் சொல்கிறார். காரணம் கேட்கும்போது, கொல்வது தம் மனத்துக்கு ஒவ்வாது என்றும், முதல் உலகப் போரிலேயே தாம் ஆயுதம் ஏந்த மறுத்தவர் என்றும் மறைக்காமல் கூறிவிடுகிறார். மானரிங் வெகுண்டெழுகிறார். அவருக்குத் தெரிந்த அகராதியில் அதற்குக் கோழைத்தனம் என்ற ஒரே பொருள்தான். தலைவர் முகம் திருப்பியவுடன் படையே முகம் திருப்புகிறது. நேற்றுவரை அவர் கொடுத்ததை உண்டு மகிழ்ந்தவர்கள் இன்று அவரோடு பேசுவதில்லை. ஒதுக்கிவையுங்கள் என்று தலைவர் ஆணை இடத் தேவையே இல்லை; அவருடைய பார்வை போதுமானதாயிற்று. வகுப்பறையிலும் விளையாட்டுக் குழுவிலும் நீங்கள் இதைக் கண்டிருக்கக்கூடும்.

பின்னர், புகை நிறைந்த குடிசைக்குள் ஊர்ந்து செல்லும் பயிற்சியில் மானரிங் மூச்சுத் திணறி வீழ்கிறார். அவரைக் காப்பாற்றியவர் காட்ஃப்ரி. அதனால் நலிவுற்றுப் படுக்கையில் கிடப்பவரைக் காண எல்லோரும் செல்கின்றனர். அங்கே சுவரில் ஒரு புகைப்படம்: சீருடையில் இளைஞர் காட்ஃப்ரி, மார்பில் அக்காலத்தில் வீரத்துக்கு அளிக்கப்பட்டுவந்த மிலிட்டரி மெடல் பதக்கம். துப்பாக்கி தூக்க மறுத்தவர், மருத்துவப் படையில் ஸ்டிரெச்சர் சுமப்பவராகச் சேர்ந்து, 1916இல் சோம் போர்க்களத்தில் குண்டுமாரிக்கு நடுவே சென்று காயமுற்றோரை மீட்டவர் என்பது அப்போது வெளிப்படுகிறது. பதக்கத்தை ஏன் அணிவதில்லை என்று மானரிங் கேட்கிறார். அது சற்று ஆடம்பரமாகத் தோன்றும் என்பது போன்ற விடை வருகிறது.

மானரிங் நீண்ட மன்னிப்புரை எதுவும் நிகழ்த்தவில்லை. நிகழ்த்தியிருந்தால் கதை கெட்டிருக்கும். காட்ஃப்ரி படையின் மருத்துவப் பணியாளர் ஆகிறார். அவருடைய மனச்சான்றுக்கு முரண்படாத, அவருக்கே நன்கு பொருந்திய வேலை. யாருடைய முகத்தைப் பார்த்துப் படையினர் அவரை ஒதுக்கினரோ, அவரே எல்லோரும் அறிய அந்த வேலையைக் கொடுத்தார். மனத்துக்குள் வருந்திவிட்டுச் சும்மா இருந்திருந்தால், காட்ஃப்ரியின் பக்கத்தில் வந்து உட்கார யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

இத்தொடரைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், அப்படுக்கையறைக் காட்சியில் முதியவரின் முகத்தைக் கவனியுங்கள். காட்ஃப்ரியாக நடித்த ஆர்னால்டு ரிட்லி அப்போது எழுபதைக் கடந்தவர். 1916இல் அதே சோம் போர்க்களத்தில் படுகாயமுற்றவர்; அவருடைய இடக்கை அதன்பின் பெரும்பாலும் பயன்படாமலே இருந்தது.