மார்க்குப் பட்டியலும் நம் பிள்ளைகளும்
(கும்மிடிப்பூண்டி தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கூட்டத்திற்கு வரும் வழியில் சிப்காட் ஆலைத் தோழர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "தோழர், என் மகள் சர்க்கார் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டாள். நல்ல மார்க்கு. கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடட்டுமா?"

இது அவர் ஒருவரின் கேள்வி அல்ல. நம் எல்லோர் வீட்டுக் கேள்வி.

என்ஜினீயர் படிப்புக்குப் பிளஸ் டூ கணக்கில் 100, பௌதிகத்தில் 50, ரசாயனத்தில் 50, ஆக 200க்குக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அரை மார்க்கு குறைந்தால் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இதற்குத் "தகுதி" என்று பெயர்.

ஒரு பிள்ளைக்குத் தனி அறை, டியூஷன் வாத்தியார். இன்னொரு பிள்ளைக்கு, நைட் ஷிப்டு முடிந்த தகப்பன் தூங்கும் ஒற்றை அறை. தாய் நடவுக்குப் போனால் தம்பியைப் பார்க்கும் வேலை. யார் எந்த இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தார் என்பதைப் பட்டியல் எழுதுவதில்லை!

1984ல் இதன்மேல் நுழைவுத் தேர்வையும் ஏற்றினார்கள். 2006ம் வருஷச் சட்டத்தால் அது ஒழிந்தது. 2017ல் டாக்டர் படிப்புக்கு நீட் வந்தது. அரியலூர் மாவட்டத்து அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 வாங்கியவள். இடம் கிடைக்கவில்லை. அந்த வருஷம் செப்டம்பர் 1ந் தேதி அவளை இழந்தோம். நீட்டிலிருந்து விலக்குக் கேட்டுச் சட்டசபை 2021லும் 2022லும் மசோதா நிறைவேற்றியது. டில்லி சம்மதிக்கவில்லை.

ஆனாலும் ஓர் உரிமை கிடைத்தது. சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் டாக்டர் படிப்பிலும், 2021ல் என்ஜினீயர், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 சதவிகித இடம். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளிகூடக் கணக்கில் வராது.

ஆகவே அந்தத் தோழருக்குச் சொன்னேன்: "கடனும் வாங்காதீர்கள், பள்ளியையும் மாற்றாதீர்கள். மாற்றினால் மகளின் உரிமை போய்விடும்."

இதோடு திருப்தியடையலாமா? கூடாது! 100 இடத்தில் ஏழெட்டுதான் இது. அதற்குள்ளும் மார்க்கு வரிசைதான். நம் பள்ளிகளில் எல்லாப் பாடத்துக்கும் உபாத்தியாயர் வேண்டும், சோதனைச்சாலை வேண்டும் என்று கேட்போம். அதுவரை நம் சங்க ஆபீசில் மாலைதோறும் விளக்கு எரியட்டும். பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிக்கட்டும்.

கூலிக்காகப் போராடும் நாம், பிள்ளைகளின் படிப்புக்காகவும் போராடுவோம்!