உவர் நிலத்தில் ஒரு மல்லிகைக் கொடி



பாலாவி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது உப்பளமே. கொழும்பு–புத்தளம் வீதியில், கற்பிட்டிப் பாதை பிரியும் இடத்தில் அமைந்தது எங்கள் ஊர். உப்பு விளையும் ஊரில் மல்லிகை மலருமா என்று கேட்போர் உளர். மலரும்; நிலத்தில் இயலாவிடினும் பூச்சாடியில் மலரும்.

மல்லிகை மணலுக்கு அஞ்சுவதன்று. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்து மணலிலேதான் மல்லிகை நாற்றுகள் பெருந்தொகையாக வேர்விட்டு வெளியூர்களுக்குச் செல்கின்றன. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் அங்கிருந்து நாற்றுகள் போகின்றன. ஆகவே பகை மணலன்று, உப்பே. மண்ணில் உப்பு மிகுந்தால், நீர் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. இலையோரம் கருகும்.

அடியில் துளையுள்ள சாடியிலே செம்மண், மணல், உக்கிய மாட்டெரு ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். முற்றிய தண்டொன்றைச் சாண் நீளத்தில் வெட்டி நட்டு, துளிர்க்கும்வரை நிழலில் வையுங்கள். பின்னர் நன்கு வெயில் படும் யன்னலோரமோ திண்ணையோ வேண்டும். கிணற்றுநீர் உவர்ப்பாயின், ஐப்பசி கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து சேமியுங்கள். அரிசி கழுவிய நீரும் உதவும். இடையிடையே துளைவழி வடியும்வரை நன்னீர் ஊற்றினால், தேங்கிய உப்புக் கழுவப்படும்.

முல்லைக்குப் பாரி தேர் ஈந்தான். நம் கொடிக்கு யன்னற் கம்பியோ ஒரு கயிறோ போதும். ஆனால் கத்தரியும் வேண்டும். புதுத் தளிரின் நுனியிலேயே மல்லிகை அரும்பும். அதனாலேயே தமிழகத்து உழவர் கார்த்திகையளவில் கிளைகளைக் கழித்து, பங்குனி முதல் பூப்பறிக்கின்றனர். வெட்ட மனமின்றி விட்ட கொடி இலையாய் மண்டும், பூ குறையும்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இம்மாவட்டத்திலே தஞ்சமடைந்தன. பிறர் நிலத்தில் குடியிருப்போர் மரம் நடத் தயங்குவது இயல்பு. அதன் நிழல் யாருக்கோ என்ற எண்ணம் எழும். சாடியிலுள்ள கொடிக்கு அத்தயக்கம் வேண்டா. வீடு மாறினால் அதுவும் உடன்வரும். நிலமில்லாதவருக்கும் ஒரு தோட்டம் உண்டு என்பதை எம் மாணவர்க்கு நான் கூறுவதுண்டு.

மாலையில் அரும்பு நெகிழ்ந்து, இரவில் மணம் வீடெங்கும் பரவும். அந்த இன்பத்திற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. அடுத்த மழைக்காலத்தில் அயல்வீட்டாரிடம் ஒரு தண்டு கேளுங்கள். உங்கள் கொடி தழைத்தபின் மற்றொருவருக்கு ஒன்று கொடுங்கள்.